கொழுக்கட்டையின் ருசி மாவில் இருக்கிறது

விநாயகர் சதுர்த்தி காலையில் திருச்சி மலைக்கோட்டையில் கொழுக்கட்டைக்குத்தான் முதல் மரியாதை. மொத்தம் 150 கிலோ. பாதி அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு. மீதி 75 கிலோ, தூளி கட்டித் தூக்கப்பட்டுப் படியேறி உச்சிப் பிள்ளையாருக்குப் போகும். விபீஷணன் கொண்டுவந்த அரங்கனைக் காவிரிக் கரையில் இறக்கிவைத்துவிட்டு மலையேறியவர் இந்தப் பிள்ளையார் என்கிறது தலபுராணம். திருச்சியானாலும் ஸ்ரீரங்கமானாலும், அன்று இட்லிப் பானையில் வேகுவது கொழுக்கட்டைதான்.

ஆனால் அதை நாம் முழுசாக ருசிப்பதில்லை. கடித்ததுமே நாக்கு பூரணத்தைத் தேடி ஓடிவிடுகிறது. இந்த முறை மாவைக் கவனியுங்கள்.

முதலில் கண்ணால். பூரணத்தை மூடும் மாவுக் கூடுதான் சொப்பு; நல்ல சொப்பு மெல்லிசாக இருக்கும். வெல்லப் பூரணத்தின் நிறம் உள்ளிருந்து தெரியும். விளிம்பில் வெடிப்பு இருக்காது. அரிசி மாவுக்குக் கோதுமையின் இழுவை கிடையாது. உப்பும் நல்லெண்ணெயும் விட்ட நீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவைக் கொட்டிக் கிளறினால்தான் அதற்குப் பசை பிடிக்கும். நீர் சரியாகக் கொதிக்காவிட்டால் சொப்பு வாய் பிளந்துவிடும். கிளறிய கையின் பக்குவத்தை விளிம்பே சொல்லிவிடும்.

அடுத்து, கை பொறுக்கும் சூட்டில் எடுங்கள். ஆறினால் மாவு இறுகிவிடும். பூரணம் எட்டாத மூக்கை முதலில் கடியுங்கள். பச்சரிசியின் லேசான இனிப்பு, உப்பு, நல்லெண்ணெய் வாசம் மூன்றும் அங்கே தனியாகக் கிடைக்கும். பல்லில் ஒட்டக் கூடாது. ரப்பர் மாதிரி இழுக்கவும் கூடாது. அதற்குப் பிறகு பூரணத்துக்குப் போங்கள். அதன் இனிப்பே வேறாகத் தெரியும்.

கடைசியில் அம்மிணிக் கொழுக்கட்டை. பூரணம் தீர்ந்து மாவு மிஞ்சினால், சீடை அளவுக்கு உருட்டி ஆவியில் வேகவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்த் துருவலோடு புரட்டுவது.

இதற்கு ஸ்லோவாக்கியாவில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு: அந்நாட்டின் தேசிய உணவான பிரிண்ட்சோவே ஹலுஷ்கி. பச்சை உருளைக்கிழங்கைத் துருவிக் கோதுமை மாவோடு கலந்து, நாம் பூந்தி தேய்ப்பதுபோலத் துளைத்தட்டு வழியே கொதிநீரில் விழவைப்பார்கள். வெந்து மிதந்ததும் வடித்து, புளிப்பும் உப்புமான செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியில் புரட்டி, மேலே வறுத்த பன்றிக் கொழுப்பைத் தூவுவார்கள். அங்கே பாலாடைக்கட்டி செய்யும் வேலையை இங்கே தாளிப்பு செய்கிறது. இரண்டிலும் மாவு சாதுவாக இருப்பதால்தான் மேலே சேர்வது எடுப்பாகத் தெரிகிறது.

அம்மிணியை ஒவ்வொன்றாகக் கொறிக்காமல் நாலைந்தாக அள்ளுங்கள். முதலில் மிளகாயும் பெருங்காயமும் முன்னால் வரும். மெல்ல மெல்ல அரிசி வந்து காரத்தை அமர்த்தும். விழுங்க அவசரப்படாதீர்கள், மாவு பேசத் தொடங்குவது அப்போதுதான்.

அடுத்த சதுர்த்திக்கு ஒரு கைப்பிடி மாவு கூடுதலாகவே கிளறுங்கள். மிஞ்சட்டும்.