காப்பி விமரிசனம்

தமிழ்நாட்டில் விமரிசகர்களே இல்லை என்று எழுத்தாளர்களாகிய நாங்கள் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்வது உண்டு. உண்மையில் வீட்டுக்கு ஒரு விமரிசகர் இருக்கிறார். காலை ஆறு மணிக்குள் அவர் தம் அலுவலை முடித்துவிடுகிறார். டம்ளரை வாயில் வைத்து ஒரு வாய் பருகியதும் முகத்தைச் சற்றே சுளித்து, "இன்றைக்கு என்னவோ சரியில்லை" என்கிறார். அல்லது ஒன்றுமே சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரிகையைப் பிரிக்கிறார். பாராட்ட வேண்டும் என்று தோன்றினால் "ம்" என்று ஓர் ஓசை. எந்த நாவலுக்கும் இவ்வளவு உடனடியான, இவ்வளவு கண்டிப்பான மதிப்புரை கிடைத்ததில்லை.

இந்த விமரிசனத்தைப் பற்றித்தான் நான் இங்கே விமரிசனம் செய்ய உத்தேசித்திருக்கிறேன். நல்ல காப்பி எப்படிப் போடுவது என்பதும் கூடவே வரும். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு "ஒட்டவில்லை" என்று மட்டும் சொல்லிப் போகிறவரை நாம் விமரிசகர் என்று ஒப்புக்கொள்வதில்லை. எங்கே ஒட்டவில்லை, ஏன் ஒட்டவில்லை என்று கேட்கிறோம். காப்பிக்கும் அந்த நியாயம் உண்டல்லவா? கசக்கிறதா, புளிக்கிறதா, நாக்கு வறளும்படி துவர்க்கிறதா, நீர்த்திருக்கிறதா, மணமில்லாமல் சப்பென்றிருக்கிறதா? இவை ஐந்தும் வெவ்வேறு குற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஐந்தையும் "சரியில்லை" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டால் நாளைக் காலையில் எதைத் திருத்துவது? பொடியையா, தண்ணீரையா, பாலையா? பொருளில் திருத்த வேண்டியது இன்னதென்று சொல்லாதபோது, திருந்த வேண்டியது ஆள்தான் என்று ஆகிவிடுகிறது. காப்பியைச் சொல்வதாகத் தொடங்கிய பேச்சு காப்பி போட்டவளைச் சொல்வதாக முடிகிறது. எத்தனையோ வீடுகளில் நாளின் முதல் மனஸ்தாபம் இப்படித்தான் பிறக்கிறது.

ஆகையால் காரணங்களைப் பார்ப்போம்.

நம்முடைய பில்டர் மிக எளிய சாதனம். மேலே துளைகள் உள்ள ஒரு பாத்திரம், கீழே டிக்காஷன் இறங்குவதற்கு ஒரு பாத்திரம், பொடியை அமுக்கிப் பிடிக்கக் குடை போன்ற ஒரு தட்டு, ஒரு மூடி. மின்சாரமும் வேண்டாம், விசையும் வேண்டாம். பூமியின் இழுப்பே வேலையைச் செய்கிறது. கொதிநீர் பொடியின் ஊடே மெதுவாக இறங்கும்போது கரைய வேண்டியதைக் கரைத்துக்கொண்டு வருகிறது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காப்பியில் உள்ள சத்துகளெல்லாம் ஒரே சமயத்தில் கரைவதில்லை. புளிப்பும் மணமும் முதலில் வருகின்றன. இனிப்பும் கனமும் அடுத்து. கடைசியில்தான் முரட்டுக் கசப்பும் துவர்ப்பும். சீக்கிரம் நிறுத்திவிட்டால் புளிப்பான, மெலிந்த காப்பி. அளவு மீறி இழுத்துவிட்டால் வாயைப் பிடிக்கும் கசப்பு. 1950களில் எர்னெஸ்ட் லாக்ஹார்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை அளந்து பார்த்து, பொடியின் எடையில் 18 முதல் 22 சதவிகிதம் கரைந்து வந்தால் பெரும்பாலோருக்கு ருசிக்கிறது என்று கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு நம் பாலில்லாக் காப்பிக்காரர்களுக்கு ஏற்பட்டதுதான். ஆனால் அதன் அடிப்படை நமக்கும் செல்லும்.

இனி குற்றங்களுக்கு வருவோம். காப்பி புளித்து, நீர்த்திருந்தால் பொடி பருமன் அதிகம், அல்லது தண்ணீர் போதிய சூடில்லை. தண்ணீர் 92 முதல் 96 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும். எவர்சில்வர் பில்டர் குளிர்ந்து கிடந்தால் விட்ட தண்ணீரின் சூட்டில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும். ஆகவே பில்டரை முதலில் வெந்நீரில் கழுவிச் சூடேற்றுவது நல்லது. துவர்த்துக் கசந்தால் பொடி மிக நைஸ், அல்லது துளைகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் வெகுநேரம் நின்றிருக்கிறது. துளைகளை ஊசியால் குத்தியோ, அடிப்பாகத்தை நெருப்பில் காட்டியோ நம் வீட்டுப் பெரியவர்கள் சுத்தம் செய்வார்கள். அது வீண் சடங்கல்ல. மணமில்லையென்றால் பொடி பழசு. அரைத்த பொடி ஒரு வாரத்துக்குள்ளேயே பாதி உயிரை இழந்துவிடுகிறது. மாதத்துக்கு ஒரு கிலோ வாங்கி வைக்கும் வீட்டில் மாதக் கடைசியில் யார் போட்டாலும் காப்பி மணக்காது. இதில் மருமகளின் கைராசிக்கு என்ன சம்பந்தம்?

அளவையும் சொல்லிவிடுகிறேன். 20 கிராம் பொடிக்கு 120 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப்போல் இரு மடங்கு தண்ணீரைத் தானே குடித்துவிடும். மிஞ்சி இறங்குவது சுமார் 80 மில்லி. இரண்டு பேருக்குத் திடமான காப்பிக்கு இது போதும். முதலில் பொடி நனையும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். புதிதாக வறுத்த காப்பியானால் உள்ளே தங்கியிருக்கும் கரியமில வாயு பொங்கி வெளியேறும். அதன் பிறகு மீதித் தண்ணீர். கால் மணி நேரத்தில் இறங்கிவிட்டால் பொடியின் பருமன் சரி. இறங்கிய டிக்காஷனை அடுப்பில் வைத்துச் சுடவைக்கக் கூடாது. வேண்டுமானால் வெந்நீரில் பாத்திரத்தோடு வைக்கலாம்.

பொடிக் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "சார், எண்பதுக்கு இருபதா, எழுபதுக்கு முப்பதா?" என்பது. சிக்கரியைப் பற்றித் தூய்மைவாதிகள் பேசும் பேச்சு எனக்குச் சம்மதமில்லை. அது ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது. காப்பிக்கும் அதற்கும் ஜாதி உறவு கிடையாது. காபினும் அதில் இல்லை. நெப்போலியன் காலத்தில் கடல் வாணிபம் தடைப்பட்டுக் காப்பி அருமையானபோது ஐரோப்பாவில் அதன் செல்வாக்கு ஓங்கியது. இன்று குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் நம்மவர்களே பயிர் செய்கிறார்கள். காப்பியில் நீரில் கரையக்கூடியது ஏறக்குறைய 30 சதவிகிதம்தான். சிக்கரியில் அதைப்போல் இரு மடங்கு. ஆகவே கறுப்பும் கனமும் சுலபமாக வந்துவிடுகின்றன. பாலையும் சர்க்கரையையும் தாங்கி நிற்க அந்தக் கனம் கொஞ்சம் உதவுகிறது. பத்து, இருபது சதவிகிதம் வரை நான் ஆட்சேபிக்க மாட்டேன். விலைவாசியைச் சமாளிக்க அதற்கு மேல் போகிற குடும்பத்தையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு மேல் போனால் நாம் ருசிப்பது காப்பியை அல்ல என்பதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். உரைநடையில் அடைமொழிகளை அடுக்குவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை; கனமாகத் தோன்றும், சரக்கு இருக்காது. கலவைப் பொடியில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த எல்லைக் கோட்டில் நின்றுகொண்டு, பெட்டியின் மேல் ரம்மியமான மலைச்சரிவின் படத்தைப் போடுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

திருவண்ணாமலையில் வசிக்கிறவனுக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் கண்ணெதிரே இருக்கிறது. செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் மாதக்கணக்கில் வந்து தங்கும் வெளிநாட்டார் தங்கள் காப்பிச் சாதனங்களையும் கையோடு கொண்டுவருகிறார்கள். கூம்பு வடிவத்தில் ஒரு பீங்கான், அதற்குள் ஒரு காகிதம், கொக்கின் கழுத்துப் போன்ற மூக்குள்ள கெண்டி, ஒரு சிறு தராசு. 15 கிராம் பொடியை நிறுத்துப் போட்டு, 240 கிராம் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றி, மூன்று நிமிஷத்தைக் கடிகாரத்தில் பார்க்கிறார்கள். நம்மவர்களில் ஒரு சாரார் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்: காப்பிக்கு இத்தனை கணக்கா என்று. இன்னொரு சாரார் மயங்கிப்போய் பில்டரைப் பரணில் ஏற்றிவிட்டுக் கூம்பு வாங்கப் புறப்படுகிறார்கள். இருவருமே விஷயத்தைக் கோட்டைவிட்டவர்கள். அந்தக் கூம்பும் நம் பில்டரும் ஒரே குலம். இரண்டுக்கும் பூமியின் இழுப்புத்தான் ஆதாரம். காகிதம் எண்ணெய்ப் பசையையும் தூளையும் தடுத்துவிடுவதால் அவர்கள் காப்பி தெளிவாக இருக்கிறது. நம் பில்டர் அவற்றை விட்டுவிடுவதால் நம் காப்பி கனமாக இருக்கிறது. பாலுக்கு அந்தக் கனம்தான் வேண்டும். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது தராசின் குணத்தை. நேற்று எவ்வளவு போட்டோம் என்று தெரிந்தால்தான் இன்று எதை மாற்றுவது என்று தெரியும்.

அந்தக் காகிதத்துக்கு ஒரு கதை உண்டு. 1908-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண், தாம் போடும் காப்பியில் மண்டி தங்குவதும் கசப்பு ஏறுவதும் பிடிக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் துளைகள் போட்டு, மகனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்த மை ஒற்றும் தாளைக் கிழித்து அதில் விரித்துக் காப்பியை வடிகட்டினார். அதே வருஷத்தில் உரிமைப் பத்திரம் வாங்கிக் கணவரோடு சேர்ந்து கம்பெனியும் தொடங்கினார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த அம்சம் இதுதான்: குறை கண்டவரும் அவரே, காப்பி போட்டவரும் அவரே. ஆகவே அவருடைய விமரிசனம் முகச்சுளிப்போடு நிற்காமல் ஒரு பொருளாக மாறியது.

நம் வீடுகளில் இந்த இரண்டு பேரும் இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் வெளியிட்ட 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், நாம் பரம்பரைச் சொத்தாக நினைக்கும் இந்தப் பழக்கம் நேற்று வந்தது என்று. பாபா புதான் என்ற ஃபக்கீர் பதினேழாம் நூற்றாண்டில் ஏமன் தேசத்திலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழங்கிவரும் கதை. நமக்குப் பக்கத்திலேயே ஏற்காட்டில் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பி பயிரிட்டார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூடக் காப்பியை உடம்புக்கும் ஒழுக்கத்துக்கும் கேடு என்று ஏசியவர்கள் உண்டு. அந்த நிந்தனையெல்லாம் தாண்டி அது நடுத்தர வகுப்பின் அடையாளமாயிற்று. அடையாளம் ஆன பொருளுக்கு எப்போதும் ஓர் ஆபத்து உண்டு. பொருளின் குணம் பின்னுக்குப் போய், கௌரவம் முன்னுக்கு வந்துவிடும். 'டிகிரி காப்பி' என்ற பலகைகளைப் பாருங்கள். பால்மானியில் தேறிய பாலால் அந்தப் பெயர் வந்தது என்கிறார் ஒருவர். சிக்கரிதான் டிகிரியாக மருவியது என்கிறார் இன்னொருவர். நெடுஞ்சாலைக் கடைகள் இந்தச் சர்ச்சைக்குள் போகாமல் பித்தளை டபராவை வாங்கி அடுக்கிவிட்டன. பித்தளையில் ஊற்றியதனால் மட்டும் பழைய டிக்காஷன் புதிதாகிவிடுமா?

வீட்டுக் கௌரவம் வேறு வகை. அங்கே முதல் டிக்காஷன், இரண்டாம் டிக்காஷன் என்று வர்ணாசிரமம் இருக்கிறது. முதல் டிக்காஷன் வீட்டுத் தலைவருக்கும் விருந்தாளிக்கும். அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் விட்டு இறக்கிய இரண்டாம் டிக்காஷன் போட்டவளுக்கும், வேலைக்கு வரும் பெண்ணுக்கும். முன்னே சொன்ன கணக்குப்படி பார்த்தால் முதல் தடவையிலேயே நல்லதெல்லாம் இறங்கிவிடுகிறது. இரண்டாம் தடவை வருவது கடைசியில் வரும் கசப்பும் துவர்ப்பும்தான். அதாவது, எதை எப்படி மாற்றலாம் என்று தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஆள், தான் போட்ட காப்பியின் நிஜ ருசியை அறியாமலே வருஷக்கணக்கில் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள். தன் கதையை அச்சில் படிக்க அனுமதிக்கப்படாத ஆசிரியரின் நிலை அது. அவளிடம் போய் "சரியில்லை" என்றால் அவள் எதை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பாள்?

சிக்கனத்துக்காக ஏற்பட்ட வழக்கம் இது என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிக்கனத்தின் பாரம் எப்போதும் ஒரே டம்ளரில் விழ வேண்டும் என்று யார் விதித்தது? கூடுதலாகப் பத்துக் கிராம் பொடி போட்டால் வீடு முழுவதும் முதல் டிக்காஷன் குடிக்கலாம். அதற்கு வசதியில்லாத வீட்டில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எல்லோரும் குடிக்கலாம். அப்போது அதன் கசப்பை எல்லோரும் அறிவார்கள்.

காப்பி ரசிகர்கள் என்று பெயரெடுத்த என் நண்பர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான். ஒரு வாரம் நீங்களே எழுந்து பில்டரைச் சூடேற்றுங்கள். பொடியை நிறுத்துப் போடுங்கள். கால் மணி நேரம் காத்திருங்கள். இறங்கிய முதல் டிக்காஷனில் காப்பி கலந்து, இத்தனை வருஷம் போட்டுக் கொடுத்தவருக்குக் கொடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். மிச்சமிருக்கும் இரண்டாம் டிக்காஷனை நீங்கள் குடியுங்கள். எட்டாம் நாள் "சரியில்லை" என்று சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லலாம். அதற்குள் எது சரியில்லை என்றும் சொல்லத் தெரிந்திருக்கும்.