கறுப்புத் தட்டின் உள்வட்டம்

எல்ல இடைவெளியைப் படம் பிடிக்காமல் திரும்பும் பயணி கிடையாது. எல்லப் பாறைக்கும் சின்ன சிவனொளிபாதத்துக்கும் நடுவே மலை விலகி வழிவிட, கீழே வெல்லவாயச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும். ராவணா எல்ல அருவியின் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. கிரிந்தி ஓயாவோடு சேர்ந்து, தணமல்வில தாண்டி, திஸ்ஸமகாராம வயல்களுக்குப் பாய்ந்து கடலில் விழுகிறது. அதே பக்கமாகச் சுமார் 90 கி.மீ. பஸ்ஸில் இறங்கினால், ஏதென்ஸ் நகரத்துக் குயவர்களின் கைப்பழக்கம் ஒன்று எட்டிப் பார்த்த ஊருக்குப் போய்ச் சேரலாம்.

திஸ்ஸமகாராம பழைய ருகுணையின் தலைநகரான மகாகம. துட்டகைமுனு மன்னனின் ஊர். அங்கே அக்குருகொட என்ற மேட்டில் ஜெர்மன் அறிஞர்களும் இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தாரும் 1992 முதல் பல பருவங்கள் அகழ்ந்தார்கள். உலோகம் உருக்கிய பட்டறைகள், மணிகள், காசுகள், மலைமலையாகப் பானை ஓடுகள். தமிழர்களாகிய நாம் அங்கே கிடைத்த ஒரு தமிழ்ப் பிராமி ஓட்டைப் பற்றியே பேசுகிறோம்; அதை எப்படி வாசிப்பது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. என் மனம் போவது எழுத்தே இல்லாத இன்னொரு வகை ஓட்டின் மேல். ஆய்வாளர்கள் அதை ரௌலட்டட் மட்கலம் என்பார்கள்.

முழுத் தட்டு கிடைப்பது அரிது. கிடைத்தால் ஏறக்குறைய ஒரு முழ அகலத்துக்குள் அடங்கும், ஆழமில்லாத தட்டு. விளிம்பு வெளியே மலராமல் உள்பக்கமாக மடிந்து, பறவை அலகு போல் கூர்ந்து முடியும். மண் அவ்வளவு நைசு; மணலோ உமியோ கண்ணில் படாது. உடைந்த இடத்தில் சாம்பல் நிறம் தெரியும். மேலே பூசிய பூச்சு கறுத்து மினுங்கும். நல்ல ஓட்டை நகத்தால் தட்டினால் உலோகம் போல் ஒலிக்கும். சில தட்டுகள் உள்ளே கறுப்பு, வெளியே பழுப்பு. சூளையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிச் சுட்டதன் தடம் அது. இதை நான் குறையென்று எண்ணுவதில்லை.

அலங்காரம் எங்கே என்று தேடினால் விளிம்பில் இல்லை, வெளிச்சுவரிலும் இல்லை. தட்டின் உள்ளே, அடித்தளத்தில், நடுவைச் சுற்றி ஒன்றோ இரண்டோ மூன்றோ வளையங்கள். ஒவ்வொரு வளையமும் பல வரிசை நுண் பள்ளங்கள்: முக்கோணம், ஆப்பு, சாய்சதுரம், வெறும் புள்ளி. அரிசி முனையளவு கூட இல்லாத இந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகக் குத்தியிருக்க முடியாது. பல் வைத்த சிறு சில்லை உருட்டியிருக்கலாம். அல்லது, பாதி காய்ந்த தட்டைச் சக்கரத்தில் சுழலவிட்டு, வளையும் தகட்டின் முனையை அதன்மேல் சும்மா பிடித்திருக்கலாம். கரும்பலகையில் வெண்கட்டியைச் சாய்த்துத் தள்ளினால் அது துள்ளித் துள்ளிப் புள்ளிக்கோடு விழுமே, அதே கதைதான். கை இறுகினால் கோடாகிவிடும், தளர்ந்தால் ஒன்றும் விழாது. அந்த இரண்டுக்கும் நடுவில் கையை நிறுத்தி வைத்த குயவனை நினைத்தால் மரியாதை வருகிறது. உற்றுப் பார்த்தால் சில இடங்களில் வரிசை நெருங்கும், சில இடங்களில் நழுவும்.

இந்த வேலை கிரேக்கத்தில் முன்பே இருந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏதென்ஸின் கறுப்புப் பளபளப்புக் கிண்ணங்களின் உள்தளத்தில், அச்சுக் குத்திய பனையோலைப் பூக்களைச் சுற்றி இதே பள்ள வளையங்கள் வந்துவிட்டன. அந்தக் கறுப்பின் இரகசியமும் சொல்லத் தக்கது. வண்ணப்பொடி எதுவும் கிடையாது. பானைக்கு எடுத்த அதே வகை மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அதில் மிக நுண்ணிய பகுதியை மட்டும் பூசுவார்கள். முதலில் காற்றோடு சுடுவார்கள், எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைப்பார்கள், எல்லாம் கறுக்கும். மூன்றாவதாகத் திரும்பக் காற்றை விடும்போது பானை உடல் மட்டும் சிவப்புக்குத் திரும்பும். பூச்சு அதற்குள் உருகிக் கண்ணாடித் தன்மை கொண்டுவிட்டதால் கறுப்பாகவே நிற்கும். மண்ணையும் நெருப்பையும் தவிர வேறெதுவும் சேராத வித்தை.

1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மோர்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் சிவப்புக் கலங்களும் மது, எண்ணெய் வந்த ஆம்போரா சாடிகளும் கிடைத்தன. கூடவே கிடைத்த இந்தக் கறுப்புத் தட்டுகளையும் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்றே அவர் எண்ணினார்; தரம் குறைந்தவற்றை உள்ளூர்ப் போலி என்றார். விமலா பெக்லி இதை மறுத்தார். 1970இல் யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலும் 1989–92இல் மறுபடி அரிக்கமேட்டிலும் அகழ்ந்தவர் அவர். தட்டின் வடிவம் இந்தியாவுடையது, அலங்கார நுட்பம்தான் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது என்பது அவர் முடிவு. அரிக்கமேட்டில் இதன் காலமும் பின்னோக்கிப் போய், கி.மு. இரண்டாம் நூற்றாண்டைத் தொட்டது. பிறகு 1997இல் புனே தக்காணக் கல்லூரியின் விஷ்வாஸ் கோக்டே எக்ஸ்-கதிர் கொண்டு மண்ணைச் சோதித்து, வங்காளத்தின் தம்லுக், சந்திரகேதுகர் பக்கத்து மண் என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தட்டு ரோமிலிருந்து வரவில்லை என்பதில் இப்போது பெரிய சண்டை இல்லை. ஓடுகளோ அநுராதபுரத்திலும் அழகன்குளத்திலும் பாலித் தீவின் செம்பிரானிலும்கூடக் கிடைக்கின்றன.

அந்நியச் சரக்கு இல்லை என்று தெரிந்ததும் சிலருக்கு ஆர்வம் வடிந்துவிட்டது. எனக்கோ அங்கேதான் ஆர்வம் தொடங்குகிறது. கிரேக்கக் கிண்ணத்துக்கு அடியில் வளையக் கால் உண்டு. சாய்ந்து படுத்துக் குடிக்கிறவனின் பக்கத்து மேசைக்கு அது பொருந்தும். நம் தட்டுக்குக் கால் இல்லை. அடி தட்டையாக நிலத்தில் படியும். தரையில் சம்மணமிட்டு உண்கிறவருக்காகவே செய்தது என்று நான் நினைக்கிறேன். பனையோலைப் பூவை விட்டுவிட்டார்கள், காலை விட்டுவிட்டார்கள், வளையத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கடன் வாங்கினால் இப்படித்தான் வாங்க வேண்டும். பூ நிறைந்த ஏதென்ஸ் கிண்ணத்தையும் இதையும் பக்கத்தில் வைத்தால் என் ஓட்டு இதற்கே.

மகாவம்சம் துட்டகைமுனு கட்டிய மகாதூபியின் அடிக்கல் விழாவுக்கு அலசந்தாவிலிருந்து முப்பதாயிரம் யோன, அதாவது கிரேக்க, பிக்குகள் வந்ததாகச் சொல்கிறது. அது விழாக் கணக்கு. அந்த எண்ணிக்கையை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. திஸ்ஸவுக்கு மேற்கே கொடவாய கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல் கடல்வழித் தொடர்புக்கு இன்னும் உறுதியான சாட்சி. ஏறத்தாழ இந்தத் தட்டுகள் புழங்கிய காலத்தது. கண்ணாடிப் பாளங்களும் இரும்பும் அம்மிக் கற்களும் ஏற்றிய சரக்குக் கப்பல். தட்டுகளும் இப்படித்தான் கரைக்கு வந்திருக்கும், வேறு சரக்குகளின் இடுக்கில்.

நம் மலையகத் தோட்டங்களிலிருந்து வருடந்தோறும் வான் பிடித்துக் கதிர்காமம் போகிறோம். திரும்புகிற வழியில் திஸ்ஸ வாவியில் குளித்து, தயிர்ச் சட்டி வாங்கி வருகிறோம். அடுத்த முறை அங்குள்ள அருங்காட்சியகத்துக்கும் அரை மணி ஒதுக்குங்கள். ஓடுகளைக் கண்டால் விளிம்பை விட்டு உள்தளத்தைப் பாருங்கள். வரம்பிலோ வாய்க்கால் கரையிலோ இப்படி ஓர் ஓட்டைக் கண்டால் பையில் போட வேண்டாம். கிடந்த இடத்தோடு திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் இங்கே பொருள்களைக் காக்கத்தான் இருக்கிறது. எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று தெரியாத ஓட்டுக்கு அழகு இருக்கும், வயது சொல்லத் தெரியாது.