படி என்னும் பிரதி

நாஞ்சில் நாட்டின் வரலாற்று இடங்களைக் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் நடந்து பார்த்தவர்களுடையவை. சக்கர நாற்காலியில் இருந்து வாசிக்கும்போது அதே இடங்கள் வேறொரு பிரதியாகின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த பத்மநாபபுரத்தை எடுத்துக்கொள்வோம். அரண்மனையின் பூமுகத்துக்கு மேலே மந்திரசாலை. அதற்குப் போக ஒடுங்கிய, செங்குத்தான மரப்படி. மன்னன் ஆலோசனை நடத்திய அந்த அறை என் பிரதியில் இல்லாத பக்கம்.

'தொன்மையைச் சிதைக்கக் கூடாது' என்பது இதுபோன்ற இடங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். இந்தச் சொல்லாடலை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். சுசீந்திரத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தபோது அதன் பெயர் ஆசாரம். தீண்டாமையின் இழிவையும் படிக்கட்டையும் ஒன்றாக்குவது மோசடி. ஆனால் 'எப்பவும் இப்படித்தான் இருந்தது' என்கிற தர்க்கம் ஒன்றுதான். வேறுபாடும் கவனிக்கத்தக்கது. 1936 நவம்பர் 12இல் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் கோவில் கதவைத் திறந்தது. படியோ பிரகடனத்துக்கு அசையாது. அதற்குத் தச்சர் வேணும், கொத்தனார் வேணும், பணம் ஒதுக்கணும்.

"அண்ணாச்சி, பேசாம இருங்க, நாங்க தூக்கிருதோம்" என்று நாலுபேர் வருவார்கள். அன்பு உண்மையானதுதான். ஆனால் எங்கே நிற்பது, எதை எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதைத் தூக்குகிற தோள்களே தீர்மானிக்கின்றன. பல்லக்கில் போன மன்னனும் தூக்கப்பட்டவன்தான். கட்டளை அவனிடம் இருந்ததால் அது ராஜமரியாதை ஆயிற்று. என்னிடம் கட்டளை இல்லை என்பதால் இது உதவி.

தொன்மை வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதைக் கன்னியாகுமரி காட்டுகிறது. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 37 கோடி ரூபாய் செலவில் 2024 டிசம்பர் 30இல் திறக்கப்பட்டது. பாலத்தை அடைய முதலில் அலையில் ஆடும் படகில் ஏறியாக வேண்டும். இங்கே காப்பாற்றத் தொன்மை எதுவுமில்லை. கட்டுகிறவர்களின் கற்பனையில் இருக்கும் உடல் ஏறி இறங்கத் தெரிந்த உடல், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். ஆனால் அதன்கீழ் வந்த 2017ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக்கிவிட்டது. அது சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு வாசற்படியின்மேல் எடுத்து மாற்றக்கூடிய மரச் சரிவு வைத்தால் எந்தத் தொன்மையும் காயப்படாது. மந்திரசாலையின் ஏணிப்படிக்கு அப்படி எளிய தீர்வு கிடையாது என்பதும் உண்மை. அந்த ஒன்றைக் காட்டி மற்ற எல்லாப் படிகளையும் காப்பாற்றுவதுதான் அரசியல். இனி அரண்மனையின் அழகை எழுதும் நண்பர்கள் அதன் படிகளையும் எண்ணி எழுதட்டும்.