எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல்

தள அலைக் கணக்கீட்டுக்கான கோப்பில் வெட்டு ஆற்றல் (கணக்கில் சேரும் அலைகளின் ஆற்றல் வரம்பு) 40 என்று மட்டும் எழுதியிருக்கிறது. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற நிரல் அதை 40 ரிட்பெர்க் என்று படிக்கும். அதாவது ஏறத்தாழ 544 எலெக்ட்ரான்வோல்ட். அபினிட் நிரலுக்கு அது 40 ஹார்ட்ரீ, சரியாக இரு மடங்கு. வாஸ்ப்புக்கோ வெறும் 40 எலெக்ட்ரான்வோல்ட். எண் ஒன்றுதான், அலகு நிரலின் கையேட்டில் ஒளிந்திருக்கிறது.

அலகை எழுதாமல் விடும் இந்த வழக்கத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. 1928-இல் டக்ளஸ் ஹார்ட்ரீ முன்வைத்த அணு அலகுகளில் எலெக்ட்ரானின் நிறை, மின்சுமை, சுருக்கிய பிளாங்க் மாறிலி மூன்றும் 1 ஆகிவிடும். ஷ்ரோடிங்கர் சமன்பாடு சுமை இறக்கியதுபோல் எளிதாகும். மாறிலிகளின் அளவீடு பின்னாளில் திருத்தப்பட்டாலும் ஹார்ட்ரீயில் கிடைத்த விடை மாறாது. குரோமாக்ஸ் நிரலைப் போல எல்லாவற்றுக்கும் நானோமீட்டர், பிக்கோவினாடி, கிலோஜூல்/மோல் என்று ஒரே தொகுதியை வைத்துக்கொண்டால், அந்த நிரலுக்குள்ளேயே வேலை செய்பவருக்குக் குழப்பமே இல்லை.

வேறொரு நிரலுக்குக் கோப்பை மாற்றும்போதுதான் சிக்கல். அதிலும் சத்தம் போடும் பிழையால் பெரிய ஆபத்தில்லை. லாம்ப்ஸ் நிரலில் நேரப்படி 1 என்பது 'ரியல்' அலகுத்தொகுதியில் ஒரு ஃபெம்டோவினாடி. 'மெட்டல்' தொகுதியில் ஒரு பிக்கோவினாடி, ஆயிரம் மடங்கு. முதலாவதன் 1-ஐ அப்படியே இரண்டாவதில் எழுதினால் அணுக்கள் சிதறி ஓடும், உடனே தெரிந்துவிடும். ஆனால் அபினிட்டின் 20-ஐ அப்படியே எஸ்பிரெஸ்ஸோவில் எழுதினால் வெட்டு ஆற்றல் பாதியாகிவிடும். கணக்கு அமைதியாக ஓடி, ஒருங்கி, எட்டுத் தசம இடங்களோடு ஆற்றலை அச்சிடும். கணக்கில் சேர்ந்த அலைகளே போதாது என்பதை அந்தத் தசமங்கள் சொல்வதில்லை.

மாற்று வழிகள் உண்டு. சிபி2கே நிரலில் எண்ணுக்கு முன் பகர அடைப்புக்குறிக்குள் அலகை எழுதலாம். அபினிட்டில் எண்ணுக்குப் பின் எழுதலாம். ஆனால் இரண்டிலும் அது விருப்பம்தான். எழுதாவிட்டால் பழைய மௌனமே. எஸ்பிரெஸ்ஸோ ஒரு படி மேல்: அணு ஆயங்களுக்கு அலகு இல்லையென்றால் எச்சரிக்கும். எச்சரித்துவிட்டு, அலகுக்கூட்டின் நீளத்தையே அலகாக எடுத்துக்கொண்டு ஓடவும் செய்யும். நூற்றுக்கணக்கான வரிகள் கொண்ட வெளியீட்டில் அந்த ஒரு வரியை யார் தேடிப் படிப்பார்கள்?

எல்லா நிரலுக்கும் ஒரே அலகு என்பது நடவாது, தேவையுமில்லை. உள்ளே எந்த அலகிலும் கணக்கிடட்டும். மனிதர் எழுதும் கோப்பில் அலகு கட்டாயமாகட்டும், இல்லையேல் நிரல் நிற்கட்டும். பழைய கோப்புகள் சில உடையும். அவற்றைத் திறந்து ஒரு சொல் சேர்க்கும்போதாவது, அது எந்த அலகு என்று ஒருவர் யோசித்திருப்பார்.