விடைத்தாளோடு முடியும் டார்வின்

டார்வின் கொள்கை தவறு, குரங்கு மனிதனானதைக் கண்டவர் எவருமில்லை என்று 2018இல் முழங்கினார் ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங். 2023இல் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சி மன்றம், பரிணாமப் பகுதியை நீக்கிய பத்தாம் வகுப்பு நூலை அச்சிட்டது. தமிழக அரசு 2019இல் வெளியிட்ட நூல்களிலோ பத்தாம் வகுப்பிலும் பரிணாமம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலிலும் உண்டு. பாராட்டுகிறோம். ஆனால் அது படிக்கப்படும் முறை?

கணித அறிஞர் ஹார்டியும் மருத்துவர் வீன்பெர்க்கும் 1908இல் தனித்தனியே கண்ட விதி அதில் வருகிறது. திடீர் மாற்றம் இல்லை, இயற்கைத் தேர்வு இல்லை, வெளியிலிருந்து வரவில்லை, கூட்டம் மிகப் பெரிது, இணை சேர்வதில் வேறுபாடு இல்லை. இந்த ஐந்தும் இருந்தால் மரபணு விகிதம் தலைமுறைதோறும் மாறாது. தஞ்சை மாணவன் ஐந்தையும் ஒப்பிக்கிறான், மதிப்பெண் பெறுகிறான், மறந்துவிடுகிறான்.

அவன் வீட்டு வயலைப் பார்க்கட்டும்! விதைநெல்லுக்கென விட்ட பாத்தியில் தந்தை கலவன் பயிரைப் பிடுங்கி எறிகிறாரே, அது தேர்வு. கதிரிலிருந்து தானே உதிர்வது காட்டு நெல். அறுக்கும்வரை உதிராத நெல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது உழவன் கை. 1922இல் ஆடுதுறையில் தோன்றிய நெல் ஆராய்ச்சி நிலையமும் அந்தக் கையின் வேலையைத்தான் கணக்கறிந்து செய்தது. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும். ஆகவே நூற்றுக்கு 50 ஆக இருந்த கலப்பு மரபுச் செடிகள் அடுத்த தலைமுறையில் 25, அதற்கடுத்து 12 அல்லது 13. ஐந்தாம் நிபந்தனை வரப்போரத்திலேயே உடைந்து கிடக்கிறது.

வயலில் உடைந்தது, வயலைச் சுற்றியுள்ள தெருக்களில் உடையவில்லையா? அக்கிரகாரம் வேறு, குடித்தெரு வேறு, சேரி வேறு என்று பிரித்து, பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் வேலிக்குள் அடைத்தார்களே, அந்த வேலியை மரபணுவும் பதிவு செய்திருக்கிறது. ஐதராபாத் ஆய்வுக்கூடத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தது. மிகச் சில மூதாதையரிடமிருந்து பெருகி, தமக்குள்ளேயே மணந்துவந்ததன் தடம், அவற்றுள் 81 குழுக்களில் ஃபின்லாந்து மக்களிடம் காண்பதைவிட அழுத்தமாக இருந்தது. ஒடுங்கு மரபணு நோய்கள் தலைதூக்க வாய்ப்பான நிலை இது. ‘தூய இரத்தம்’ என்று மார்தட்டுவோர் இதை யாரிடம் சொல்லப் போகிறார்கள்!

வேலிக்குள்ளும் நெருங்கிய உறவு ஒன்று: அக்காள் மகளை மணப்பது. நூற்றில் ஒரு பங்காக உள்ள ஒடுங்கு மரபணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேர்வின்றிக் கலக்கும் கூட்டத்தில் 10,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு அந்நோய் வரும். தாய்மாமன் மணத்தில் பிறக்கும் 10,000 பிள்ளைகளில் ஏறத்தாழ 13 பேருக்கு வரும். நோய் உறுதி என்பதல்ல இதன் பொருள். வாய்ப்பு பதின்மூன்று மடங்கு என்பதே. பாடநூலின் சமன்பாட்டோடு, உறவு நெருக்கத்துக்கான எட்டில் ஒன்று என்னும் எண்ணைச் சேர்த்தால் பள்ளி மாணவனே போட்டுவிடக்கூடிய கணக்கு. “நிபந்தனைகள் யாவை?” என்று கேட்கும் வினாத்தாள், அடுத்த வரியில் “உன் ஊரில் அவற்றுள் எது பொருந்தாது? ஏன்?” என்று கேட்கட்டும். பரிசத்துக்கு நாள் பார்க்கும் வீட்டில் அந்த விடையை வாய்விட்டுப் படிக்கும் மாணவியும் இருப்பாள்.