கடனும் அப்பமும்: ‘ஃபார்கோ’ தொடரின் ஐந்தாம் பருவம்

கொலையும் ஆள்கடத்தலும் நிறைந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி இவ்விதழில் எழுதுவது முறையாகுமா என வாசகர் சிலர் வினவக்கூடும். கிறிஸ்தவ இறையியலின் மிகப் பழைய சொற்களுள் ஒன்றாகிய ‘கடன்’ என்பதனைப் பத்துப் பகுதிகளிலும் விடாது ஆராயும் ஒரு படைப்பை, அது திருச்சபைக்கு வெளியே பிறந்தது என்பதற்காக நாம் ஒதுக்கிவிடலாகாது என்பதே என் விடை. கர்த்தருடைய ஜெபத்தை மத்தேயு எழுதும்போது மன்னிக்கப்பட வேண்டியதைக் கடன் என்கிறார். லூக்கா பாவம் என்கிறார். நமது தமிழ் வேதாகமம் இவ்வேறுபாட்டை மறைக்காது காத்து வந்திருக்கிறது. ஆயினும் நாள்தோறும் அந்த ஜெபத்தைச் சொல்லும் நம்மில் எத்தனை பேர் அச்சொல்லைக் கேட்டவுடன் வட்டிக்காரனின் முகத்தை நினைக்கிறோம்?

ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் என்னும் சகோதரர் 1996இல் அளித்த திரைப்படத்தின் பெயரையும் பனிபடர்ந்த நிலச்சூழலையும் எடுத்துக்கொண்டு, நோவா ஹாலி என்பவர் 2014 முதல் உருவாக்கி வந்துள்ள தொடர் இது. ஒவ்வொரு பருவமும் தனிக்கதை. மாந்தரும் காலமும் வேறு. கொடுமையை நகைச்சுவையோடு கலந்து தருவது இதன் இயல்பு. ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் இஃது உண்மைக் கதை என்ற அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பே உண்மையன்று. உவமைகளைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது பெரிய இடறலாக இராது. 2023 நவம்பரில் தொடங்கி 2024 ஜனவரியில் நிறைவுற்ற ஐந்தாம் பருவமே இங்கு நம் ஆய்வுக்குரியது.

கதை 2019இல், மினசோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களில் நிகழ்கிறது. டோரத்தி லயன் என்னும் இல்லத்தரசி பள்ளிக்கூட்டமொன்றில் எழுந்த கைகலப்பிலிருந்து தன் மகளைக் காக்க முயன்று, மின்னதிர்ச்சிக் கருவியை ஒரு காவலர்மீதும் பாய்ச்சிவிடுகிறாள். கைது செய்யப்பட்டு அவளுடைய விரல்ரேகை பதிவாகிறது. அப்பதிவின் வழியே, பல ஆண்டுகளுக்கு முன் தன்னிடமிருந்து தப்பியோடிய மனைவி எங்கிருக்கிறாள் என்பதை வடக்கு டகோட்டாவின் ஷெரிப் ராய் டில்மன் அறிந்துகொள்கிறான். சட்டமும் நானே, குருவும் நானே என்று வாழும் பண்ணைக்காரன் அவன். மனைவியை அடிப்பதற்கு வேதத்தில் நியாயம் தேடுகிறவன். ஜான் ஹாம் இப்பாத்திரத்தை வெறும் அரக்கனாக நடிக்கவில்லை. தன்னை நீதிமானாகவே எண்ணிக்கொண்டிருக்கும் மனிதனாக நடித்திருக்கிறார். அதனால்தான் அவனைக் காணும் குருமார் சற்று நெளிய நேரிடும்.

டோரத்தியின் மாமியார் லொரெய்ன் கடன் வசூலிக்கும் நிறுவனமொன்றின் அதிபதி. நிறுவனத்தின் பெயரைத் தமிழாக்கினால் ‘மீட்புச் சேவை’ என்றாகும். இது வெறும் கேலியன்று. மீட்பு என நாம் வழங்கும் சொல் புதிய ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்ததே அடிமைச் சந்தையின் வழியாகத்தான். விலை கொடுத்து மீட்பதே அதன் முதற்பொருள். நாம் அதனைப் பிரசங்க மேடைக்கு ஏற்றிய பின்பு சந்தையை மறந்தோம். லொரெய்னோ சந்தையை வைத்துக்கொண்டு மீட்பை மறந்தாள். கணவனின் ஊதாரித்தனத்தால் கடனில் மூழ்கிய இந்திரா ஓல்ம்ஸ்டெட் என்னும் பெண் காவல் அதிகாரி அவளெதிரே அமர்ந்து பேசும் காட்சிகளைப் பொருளாதார நீதியைப் பற்றிப் பாடம் நடத்துவோர் கவனிப்பது நலம்.

எனினும் இப்பருவத்தின் இறையியல் மையம் ஓலி மன்ச் என்னும் கூலிக் கொலைஞனிடத்தில் இருக்கிறது. டோரத்தியைக் கடத்த ராய் அமர்த்திய ஆள் இவன். தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘ஒரு மனிதன்’ என்று படர்க்கையிலேயே பேசுகிறான். மூன்றாம் பகுதியில் காட்சி திடீரென ஐந்நூறு ஆண்டுகள் பின்செல்கிறது. வேல்ஸ் நாட்டில் செல்வந்தன் ஒருவன் இறந்து கிடக்கிறான். பசியால் வாடும் ஏழை ஒருவனை அழைத்துவந்து, உணவும் காசும் கொடுத்து, இறந்தவனின் பாவங்களை உண்ணச் செய்கின்றனர். அந்த ஏழையே மன்ச். உண்டவன் அன்று முதல் சாகவில்லை.

சாவாமை கற்பனை, வழக்கமோ கற்பனையன்று. வேல்ஸ் எல்லையை அடுத்த ஹியர்ஃபோர்டுஷயர்ப் பகுதியில் பிணத்தின் மேலாக நீட்டப்பட்ட அப்பத்தையும் ஒரு கிண்ணம் மதுவையும் ஆறு பென்னிக் காசையும் வாங்கிக்கொண்டு இறந்தவரின் பாவத்தைத் தன்மேல் ஏற்கும் ஏழைகளைப் பற்றி ஜான் ஆப்ரி 17ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். ஷ்ரொப்ஷயரில் 1906இல் இறந்த ரிச்சர்ட் மன்ஸ்லோ என்பவரே இங்கிலாந்தின் கடைசிப் பாவம் உண்பவர் எனச் சொல்லப்படுகிறது. அவருடைய கல்லறை 2010இல் செப்பனிடப்பட்டது. தொடரில் காட்டப்படும் காலம், 1517இல் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்த காலத்தை ஒட்டியது என்பதையும் நம் மாணவர் கவனித்திருப்பர். அங்கும் பணமுள்ளவன் விடுதலையை வாங்கினான். ஆனால் சீட்டு வெறும் தாள். இங்கோ பாவம் போய்ச் சேர்வதற்கு ஓர் ஏழையின் வயிறு தேவைப்பட்டது. இராப்போஜனத்தின் இத்துணைக் கொடிய தலைகீழ் வடிவத்தை வேறெந்தப் படைப்பிலும் நான் கண்டதில்லை.

இறுதிப் பகுதிக்கு மாவுக்கலவை ஒன்றின் பெயரை நினைவூட்டும் ‘பிஸ்குவிக்’ என்ற தலைப்பு இடப்பட்டிருக்கிறது. ராய் சிறைப்பட்டு ஓராண்டு சென்றபின் டோரத்தி வீடு திரும்புகையில், மன்ச் அவளுடைய கூடத்தில் அமர்ந்திருக்கிறான். கடன் தீர்க்கப்பட வேண்டும். அவள் அவனைக் காயப்படுத்தினாள். அவளிடமிருந்து சதையைப் பெறவே வந்திருக்கிறான். பழியுரைக்க வந்தவனோடு கணவன் வெயின் ஊர்க்கதை பேசுகிறான். பள்ளி விட்டு வந்த மகளுக்குப் பசி. டோரத்தி அஞ்சவுமில்லை, ஆயுதம் தேடவுமில்லை. கைகழுவிவிட்டு மாவு பிசைய வா என்கிறாள். செலுத்த இயலாதவனிடம் கடனை வசூலிப்பதைவிட அதனை மன்னித்துவிடுவதல்லவா மனிதத்தன்மை என்று கேட்கிறாள். தன்னை உண்ணச் செய்த பாவங்களைப் பற்றி அவன் சொல்லக் கேட்டபின், அதற்கு மருந்து அன்போடும் மகிழ்வோடும் செய்ததை உண்பதே என்று, அமெரிக்கர் பிஸ்கட் என அழைக்கும் சிறு மெத்தப்பம் ஒன்றை அவன் கையில் வைக்கிறாள். அவன் கடித்து, மென்று, சிரிக்கிறான். தொடர் அத்துடன் முடிகிறது.

மலிவான கிருபை என்று போன்ஹோஃபர் கண்டித்தது இதுதானோ என்ற ஐயம் முதலில் எனக்கும் எழுந்தது. கடையில் வாங்கிய பொட்டல மாவு ஐந்நூறாண்டுப் பாவத்தைத் தீர்க்குமா? மறுபடி பார்த்தபோது என் எண்ணம் மாறிற்று. ஆன்செல்ம் பாவத்தைக் கடனாகக் கண்டபோது அதனை எவரேனும் தீர்த்தே ஆகவேண்டும் என்றார். இங்கும் தீர்க்கிறவர் உண்டு. கடத்தப்பட்டவள் டோரத்தி, கணக்குப் பார்த்தால் கடன்பட்டவன் மன்ச். அவள் தன் கணக்கை எடுத்து விரிக்கவேயில்லை. தன்னைக் கொல்லக்கூடியவனைத் தன் பிள்ளையோடு பந்தியமர்த்துவது மலிவானதன்று. என் குறை வேறு: அவளைக் காக்கச் சென்று ராயின் கையால் மடிந்த காவலர் விட் ஃபாரின் இரத்தத்தைக் கதை விரைந்து கடந்துவிடுகிறது. குற்றமற்றவனுடைய சாவை இவ்வளவு சீக்கிரமாக மூடிவிட்டுப் பந்திக்குப் போகலாகாது.

அதனினும் கடினமானது லொரெய்ன் சிறைக்குச் சென்று ராயைக் காணும் காட்சி. கைதிகளின் கடன்சுமையைத் தன் பணத்தால் இறக்கி, அவர்களைத் தன் வசமாக்கி, அவனுடைய மனைவியர் அனுபவித்த அச்சத்தை அவன் இனி நாள்தோறும் அனுபவிக்க ஏற்பாடு செய்திருப்பதை அவனிடமே சொல்கிறாள். கடன் மன்னிப்பே பழிவாங்கும் கருவியாகிறது. பார்ப்போர் இதில் மகிழவேண்டும் என்றே காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. நானும் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினாயிரம் தாலந்து மன்னிக்கப்பட்ட ஊழியக்காரனின் உவமையில் அரசனுடைய கோபம் எங்கே போய் நின்றது என்பதை நினைத்தபோது மகிழ்ச்சி குறைந்தது. மன்ச்சுக்கு அப்பம், ராய்க்குக் கடன் என்று ஒரே பகுதியில் இரண்டையும் வைத்துவிட்டு, அவற்றிடையே உள்ள முரணை ஹாலி தீர்க்கவில்லை. தீர்க்க முடியும் என்று நினைத்தாரா என்பதும் தெளிவில்லை.

ஆனால் ஒரு செய்தியில் இத்தொடர் நம்மில் பலரைவிட நேர்மையானது. ராயை மன்னிக்கும்படி டோரத்தியிடம் எவரும் கேட்பதில்லை. ராயின் மகன் கேட்டர், குருடாக்கப்பட்ட நிலையில், அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான்; சிறைக்கு வந்து பார்ப்பதாக அவள் வாக்களிக்கிறாள். கேட்டவனுக்குக் கொடுத்தாள், கேளாதவனுக்குக் கொடுக்கும்படி அவளை நெருக்க அங்கே போதகர் எவரும் இல்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் என் சபையைச் சேர்ந்த ஒரு பெண் முகத்தில் வீக்கத்தோடு குருமனைக்கு வந்தாள். ஏழெழுபது தரம் என்ற பகுதியை எடுத்து விளக்கி, ஜெபித்து, அவளை அன்று மாலையே கணவன் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். ஒப்புரவாக்குதலின் ஊழியத்தைச் செய்ததாகவே அன்று எண்ணினேன். மன்னிப்பு வேறு, திரும்பிச் செல்லுதல் வேறு என்று எனக்கு எடுத்துச் சொல்ல அப்போது ஒருவருமில்லை, நானாகவும் யோசிக்கவில்லை. கடன்பட்டவனை விட்டுவிட்டுக் கடன் கொடுத்தவளிடமே வசூலித்தேன்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தை நடத்துகையில் இந்த இறுதிக் காட்சியை மாணவருக்குக் காட்டினேன். அப்படியானால் ராய்க்கு அப்பம் கொண்டுபோவது யார் என்று ஒருவர் கேட்டார். அது டோரத்தியின் கடமையன்று என்றேன். சிறையில் ஊழியம் செய்யும் குருவானவரின் கடமையா என்று அவர் விடாமல் கேட்டார். ஆம் என்றேன், ஆனால் அந்தக் குருவானவர் போகும் வழியில் டோரத்தியின் வீட்டுக்குள் நுழைந்து, அவனுக்குச் சொல்லியனுப்ப ஒரு நல்வார்த்தை தரும்படி அவளைக் கேட்கக் கூடாது என்றும் சொன்னேன்.