தொடர்கதையும் திருத்தப்படாத நாவலும்

‘பொன்னியின் செல்வன்’ 2022ஆம் ஆண்டில் திரைப்படமாக வந்ததிலிருந்து, வாரப் பத்திரிகைகளின் பழைய தொடர்கதைகளைக் கொண்டாடும் உற்சாகம் நம்மிடையே மிகுந்திருக்கிறது. அவற்றை மூலச் சித்திரங்களோடு மறுபிரசுரம் செய்வது பெரும் இலக்கியத் தொண்டாகப் போற்றப்படுகிறது. இந்த உற்சாகத்துக்குத் துணையாக, தமிழ் ஜனங்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது தொடர்கதையே என்றும், ஆகையால் அதன் வடிவத்தில் குறை காண்பது நன்றி மறந்த செயல் என்றும் ஒரு வாதம் எழுப்பப்படுகிறது. வாதத்தின் முற்பாதி உண்மை. அதிலிருந்து பிற்பாதி எவ்விதம் பிறக்கிறது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முற்பாதியை மனமார ஒப்புக்கொள்கிறேன். 1928இல் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கிய காலத்திலும், 1941இல் கல்கி சொந்தப் பத்திரிகை தொடங்கிய காலத்திலும், விலை கொடுத்து நாவல் வாங்கும் வழக்கமே இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் சில அணாக்களில் இலக்கியத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தொடர்கதைதான். எழுத்தாளனுக்கு நிலையான ஊதியம் தந்ததும் அதுவே. மணியமும் கோபுலுவும் சித்திரக் கலைக்குப் பெற்றுத் தந்த வாசகர் கூட்டத்தை வேறெந்தக் கண்காட்சியும் பெற்றுத் தந்திராது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் தொடராகவே வெளிவந்தது என்பதால், இந்த வழக்கத்தில் நல்ல நாவல் பிறக்கவே முடியாது என்று சொல்வதும் பொருந்தாது.

ஆனால் இத்தனை நன்மைகளையும் எண்ணிப் பார்த்த பிறகும், பல ஆண்டுகளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் ஆட்சேபம் சிறிதும் தணியவில்லை. கடைசி அத்தியாயம் ஆசிரியனின் மனத்தில் உருவாகும் முன்பே முதல் அத்தியாயம் அச்சேறி, ஊர் ஊராகப் பரவி, இனி ஒரு சொல்லும் மாற்றவியலாதபடி வாசகரின் ஞாபகத்தில் பதிந்துவிடுகிறது. நாவல் என்பது தன் முடிவிலிருந்து தன் தொடக்கத்தைக் கற்றுக்கொள்ளும் சிருஷ்டி. இருநூறாம் பக்கத்தில் ஒரு பாத்திரத்தின் உண்மையான சுபாவம் ஆசிரியனுக்குப் புலப்படும்போது, அவன் பத்தாம் பக்கத்துக்குத் திரும்பி, அங்கே அப்பாத்திரம் பேசிய பேச்சைத் திருத்தியாக வேண்டும். தொடர்கதை அந்தத் திரும்பும் வழியை அடைத்துவிடுகிறது. அச்சகம் வாரந்தோறும் கேட்கும் பக்கங்களை எழுதிக் கொடுத்தபடி முன்னே போவதொன்றே அவனுக்குச் சாத்தியம்.

தொடர்கதையில் நாம் தனித்தனியாகச் சுட்டும் குறைகள் யாவும் இந்த ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. அத்தியாய முடிவில் மூட்டப்பட்ட திகில் அடுத்த வாரத்தின் முதல் பத்தியிலேயே காரணமின்றி அவிந்துபோவதும், முன்பு ஆரவாரத்தோடு நுழைந்த பாத்திரம் பின்னர் மறக்கப்படுவதும், வாசகரின் வரவேற்பைப் பொறுத்துக் கதை நீள்வதும் குறுகுவதும், திரும்பிப் பார்க்க அவகாசமில்லாத எழுத்தில் தவிர்க்க இயலாதவை.

இது பழைய நோய். பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை விவேகசிந்தாமணியில் வெளியாகி, 1896இல் நூலாயிற்று. சிறுகுளம் கிராமத்தின் வம்பும் வாஞ்சையும் ததும்பும் முற்பகுதிக்கும், வேதாந்த விசாரமாகவே மாறிவிடும் பிற்பகுதிக்கும் இடையிலுள்ள பிளவை விமரிசகர் பலரும் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். இருபது வயதைச் சற்றே கடந்த அந்த மேதை இறுதியை எழுதிய கையோடு தொடக்கத்துக்கு மீள முடிந்திருந்தால், அந்தப் பிளவு ஒட்டப்பட்டிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொள்வோம். 1950இல் தொடங்கி 1954 வரை வாரம் தவறாமல் வெளிவந்து, ஐந்து பாகங்களாக விரிந்த அக்கதை முடிந்த பிறகு, கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்னும் வாசகரின் கேள்விகளுக்குச் சமாதானம் சொல்ல நேர்ந்தது. கதைக்குள் நிறைவுபெறாதது கதைக்கு வெளியே நிறைவு தேடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? அவர் 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். அந்நாவலைத் திருத்தும் அவகாசத்தை விதி அவருக்கு அளிக்கவில்லை. ஆனால் வாரப் பத்திரிகையின் அவசரத்தில் நேர்ந்த தளர்ச்சியையும் காவியத்தின் அமைதியென்று இன்றளவும் போற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு, அவகாசம் கிட்டவில்லை என்னும் அந்தச் சாக்கு செல்லாது.

டிக்கன்ஸ் பகுதி பகுதியாக எழுதவில்லையா என்பது வழக்கமாக எழும் மறுமொழி. எழுதினார், ஆனால் ‘டாம்பி அண்ட் சன்’ தொடங்கி ஒவ்வோர் இதழுக்குமான திட்டத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொண்டு எழுதினார். டால்ஸ்டாயோ ‘போரும் அமைதியும்’ நாவலின் தொடக்கப் பகுதியை 1865இலும் 1866இலும் ‘1805’ என்ற தலைப்பில் ‘ருஸ்கி வெஸ்த்னிக்’ இதழில் வெளியிட்ட பின், அத்தொடரை அங்கேயே நிறுத்தி, அச்சேறிய பகுதியையும் மாற்றி எழுதி, நூலாகவே முழுமை செய்தார். பத்திரிகையில் வந்துவிட்டது என்பதால் ஒரு படைப்பு முடிந்துபோனதாக அவர் கருதவில்லை. நாம் கருதினோம். பத்திரிகையிலிருந்து கத்தரித்தெடுத்த தாள்களே கையெழுத்துப் பிரதியின் ஸ்தானத்தைப் பெற்றன. அவற்றை வரிசையாக அடுக்கி அச்சிட்டதையே நூலாக்கம் என்று கொண்டோம்.

இந்தச் சோம்பலினால் தமிழ் நாவல் பல தலைமுறைகளை இழந்திருக்கிறது என்று சொல்ல நான் தயங்கவில்லை. நூறு தொடர்கதைகளுள் தொண்ணூறு, நூலாக வந்த பின்பும் பத்திரிகையாகவே இருக்கின்றன. அவற்றைப் படித்து வளர்ந்த வாசகனோ, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கப் பழகிய அளவுக்கு, நடந்தது எதற்காக நடந்தது என்று கேட்கப் பழகவில்லை. ஜனங்களுக்கு வாசிக்கக் கற்பித்த பெருமையைப் பத்திரிகைக்குத் தருகிறவர்கள், எவ்விதம் வாசிக்கக் கற்பித்தது என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே மறுபிரசுரம் செய்வோர் சித்திரங்களைத் தேடிச் சேர்க்கும் சிரத்தையில் ஒரு பங்கையேனும் மூலபாடத்துக்குச் செலுத்தி, பத்திரிகையில் வந்ததற்கும் நூலில் வந்ததற்கும் உள்ள வேறுபாடுகளை வாசகருக்குக் காட்ட வேண்டும். உயிரோடிருக்கும் எழுத்தாளர்களிடம் நான் வேண்டுவது இன்னும் கடினமானது: தொடர் முடிந்தவுடன் நூலாக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், முதல் அத்தியாயத்தை மீண்டும் எழுதிய பின்னரே அதற்கு நாவல் என்று பெயரிடுங்கள்.